கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தியது

தியத்தலாவை ஆஸ்பத்திரி, பல் பகுதி,
நாற்பத்தோராம் நம்பர் துண்டு.
போன கிழமையே படம் பிடித்தாயிற்று.
படத்தில் ஒன்றுமில்லை.
"ஒண்ணுமில்லாததுக்கா
மூணு வாரமா ஒரு பக்கமாச் சாப்பிடுற?"
புஷ்பகாந்தி கேட்டாள்.

டொக்டர் நஸ்மியா
ஐஸ்பழக் குச்சி மாதிரி ஒன்றைப்
பல்லின் முனை முனையாக வைத்தார்.
கடிங்க. கடித்தேன்.
விடுங்க. விட்டேன்.
மூன்றாவது முனையில்
விட்ட அந்தக் கணம்
காதுக்குள் கம்பி அறுந்தது.

"ஆ, இதுதான்" என்றார்,
தொலைத்த சாவி கிடைத்தவர் போல.
வெடித்த பல்
கடிக்கும்போது பொறுத்துக்கொண்டாலும்
விடும்போது கத்திவிடுமாம்.

பிறகு விசாரணை.
பாக்கு? இல்லை.
சோடா மூடியைப் பல்லால் திறப்பீங்களா?
இருபது வயதில். இப்போது கொண்டக்டர் பையன் திறக்கிறான்.
ஐஸ் கட்டி? இந்தக் குளிரிலா, டொக்டர்?
அரிசியில் கல்?
அது கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும்.
கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ,
கையோடு பீலித் தண்ணீர்?
தினமும். பெரகலைச் சந்தியில்
பஸ் ஏழு நிமிடம்தான் நிற்கும்.

அப்போதுதான் வேலையைக் கேட்டார்.
பண்டாரவளை – கொஸ்லாந்தை, டிரைவர்.
பேனா நின்றது.

வளைவுகளை நான் எண்ணியதில்லை.
பல் எண்ணியிருக்கிறது போல.
பனி இறங்கினால்
ஹெட்லைட் இரண்டு முழம் போய்
என்னிடமே திரும்பி வரும்.
உள்ளே எண்பது பேர்,
மிதிபலகையில் தொங்குகிறவர்கள் கணக்கில் இல்லை.
எதிரே மரக்கறி லொறி.
கால் பிரேக்கில், கை ஸ்டியரிங்கில்,
மிச்சப் பாரமெல்லாம்
கீழ்வரிசை இடப்பக்கத்தில்.

"பாக்குவெட்டியில பாக்க எங்க வைப்பாங்க?"
மூட்டுக்குக் கிட்ட.
"தாடைக்கும் மூட்டு காதடியில. கடவாய்ப் பல்லு
அதுக்குக் கிட்ட. சும்மாவா நசுங்கும்?"
அதோடு, பத்தொன்பது வயதில்
ஹப்புத்தளையில் அடைத்த வெள்ளி:
இத்தனை வருடம் ஆப்பு மாதிரி
உள்ளே இறங்கிக்கொண்டிருந்ததாம்.
"சுத்தியுள்ள சுவர் மெல்லிசு."

சுவர் என்றதும்
சொல்ல நினைக்காததைச் சொன்னேன்.
ஐப்பசி மழைக்குப் பிறகு
எங்கள் காம்பராவின் பின்சுவரில் ஒரு வெடிப்பு.
அதிகாரிகள் வந்தார்கள்.
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித்
திகதி எழுதினார்கள்.
கண்ணாடி உடைந்தால் மலை நகர்கிறது,
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.
அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.
அன்றிலிருந்து
டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்க்காமல்
நான் படுப்பதில்லை.
படுத்த பிறகும்
கியர் மாற்றுகிறேனாம், நறநறவென்று.
புஷ்பகாந்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டொக்டர் சிரிக்கவில்லை.
முனையைக் கொஞ்சம் ராவிவிட்டார்.
தொப்பி போட வேண்டும், இல்லாவிட்டால்
வேர்வரை பிளந்து பிடுங்கத்தான் நேரும் என்றார்.
தொப்பிக்கு மாசியில் திகதி.
அதுவரை இரவில் போட ஒரு கவசம்;
அளவெடுத்த களி
ரோஸ் நிறத்தில் புட்டுமா மாதிரி இருந்தது.
"பகல்ல உதடு மூடியிருக்கட்டும்,
பல்லு தொடாம இருக்கட்டும்.
தின்னுற நேரம் தவிர
பல்லுக்குப் பல்லோட வேலையில்ல."

பெரகலை ஏற்றத்தில் முயன்று பார்க்கிறேன்.
கடிக்காத தாடை
என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குகிறது.
"அண்ணே, ஏன் மீன் மாதிரி?" என்கிறான் பையன்.
மூன்று வளைவு தாங்குகிறேன்.
நாலாவதில் லொறி வருகிறது.

இரவில் கவசம்.
லயத்தில் அப்படியொரு நிசப்தம்.
பழகிய சத்தம் இல்லாமல்
புஷ்பகாந்திக்குத் தூக்கமில்லை.
நடுச்சாமம் எழுந்து
அவளே டோர்ச் எடுக்கிறாள்.
வெளிச்சம் சுவரில் ஊர்ந்து
ஓரிடத்தில் நிற்கிறது.

"இழுக்கா?" என்கிறேன்,
கவசத்துக்குள் சொல் குழைகிறது.

"இருக்கு" என்கிறாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு.